உஷார்! சோதனை வயலோடு நிற்பதில்லை

மரபணு மாற்றுப் பயிர் என்றதுமே நம்மிடையே சண்டை ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: தின்றால் என்ன ஆகும்? அந்தச் சண்டை நடக்கட்டும். அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. இந்தப் பயிர்கள் ஆராய்ச்சி முடிந்து, அனுமதி வாங்கித்தான் வெளியே வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி நடக்காத கதைகள் நிறைய.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஓர் ஊர் உண்டு. (நம்மூர் மெட்ராஸ் துணியைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்வார்கள்.) ஸ்காட்ஸ் நிறுவனம் மான்சான்டோ நிறுவனத்தோடு சேர்ந்து கோல்ஃப் மைதானங்களுக்காக மரபணு மாற்றிய ஒரு பென்ட் புல்லை உருவாக்கி, 2002-ல் அந்த ஊர்ப் பக்கம் விதைத்தது. கிளைஃபோசேட் களைக்கொல்லியை அடித்தால் மற்ற புல்லெல்லாம் கருகும், இது மட்டும் பச்சையாக நிற்கும். பாதுகாப்பு ஏற்பாடு காகிதத்தில் பலமாகத்தான் இருந்தது. சுற்றிலும் சுமார் 11,000 ஏக்கரைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகவே மாநில அரசு அறிவித்திருந்தது.

2003 ஆகஸ்டில், அறுத்துப் போட்டிருந்த புல்லின்மேல் பலத்த காற்று அடித்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கோடிக்கும் மேல் எண்ணிக்கை வரும் பொடி விதை. எங்கே போய் விழுந்தது என்று யார் பொறுக்குவது? விதையை விடுங்கள், மகரந்தம் இன்னும் தூரம் போயிருந்தது. சோதனை வயலைச் சுற்றிச் செடிகளை வைத்து ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விஞ்ஞானிகள், 21 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த செடியின் விதையிலும் அந்த மரபணுவைக் கண்டார்கள். 2004-ல் அதை வெளியிட்டார்கள். தானே காட்டில் முளைத்திருந்த அதன் உறவுப் புல்லிலும் அது ஏறியிருந்தது.

2007-ல் ஸ்காட்ஸ் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். 2010-ல் பார்த்தால், மாநிலத்தின் கிழக்குக் கோடியில், ஐடஹோ எல்லையை ஒட்டிய பாசன வாய்க்கால் கரைகளில் அதே புல் படர்ந்து கிடக்கிறது. ஐடஹோவில் இன்னொரு சோதனை வயல் இருந்தது, அங்கிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பல்லாண்டுப் புல், தண்டு ஓடி வேர்விடும், வாய்க்காலை அடைக்கும். வழக்கமாக அடிக்கும் மருந்துக்குத்தான் அது சாகாதே! கடைசியில் 2017-ல் அமெரிக்க வேளாண் துறை அந்தப் புல்லுக்கு இருந்த கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது. பிடிக்க முடியாத திருடனை வழக்கிலிருந்து விடுவித்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

புல் மட்டும் என்றால் விட்டுவிடலாம். 2006-ல் அமெரிக்க அரிசியில் பேயர் நிறுவனத்தின் மரபணு மாற்றிய சோதனை ரகம் கலந்திருந்தது தெரியவந்தது. அதன் வயல் சோதனை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏற்றுமதிச் சந்தை படுத்தது. 2011-ல் சுமார் 11,000 விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை தர பேயர் ஒப்புக்கொண்டது. 2013-ல் மறுபடியும் ஓரிகன். தரிசில் களைக்கொல்லி அடித்த ஒரு விவசாயி, சாகாமல் நின்ற கோதுமையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு சோதனைக்கு அனுப்பினார். மான்சான்டோ எப்போதோ கைவிட்ட ரகம் அது. ஜப்பானும் தென்கொரியாவும் வாங்குவதை நிறுத்தின. அது அந்த வயலுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை அரசால் சொல்ல முடியவில்லை.

இனி நம் கதை. பருத்தியின் மகரந்தம் கனமானது, புல்லைப் போலக் காற்றில் வெகுதூரம் போகாது. இங்கே காற்றின் வேலையை மனிதர்களே செய்துவிட்டார்கள். 2001-ல் குஜராத்தில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி (காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பருத்தி) ஆயிரக்கணக்கான ஏக்கரில் காய்த்து நின்றது. அரசின் அனுமதி வந்தது 2002 மார்ச்சில்தான். அடுத்து, களைக்கொல்லியையும் தாங்கும் பருத்தி. அதற்கான விண்ணப்பத்தை மஹிகோ என்ற விதை நிறுவனம் 2016-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா, ஆந்திர வயல்களில் அது பிடிபட்டது. அந்த மாநிலங்களின் பருத்திப் பரப்பில் சுமார் 15 சதவீதம் என்று மத்திய அரசின் குழு கணக்கிட்டது. இரண்டே ஆண்டில், மகாராஷ்டிரத்தின் அகோலா பக்கம் விவசாயிகள் கூட்டம் கூட்டி வெளிப்படையாகவே விதைத்தார்கள்.

அவர்களை வைய எனக்கு மனமில்லை. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆனால் அந்த விதையோடு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். பருத்திக்குள் ஊடுபயிராக உளுந்தும் பாசிப்பயறும் போட முடியாது, மருந்து அவற்றையும் கருக்கிவிடும். காற்று திரும்பினால் பக்கத்து வயல் வெண்டையும் போகும். வருடாவருடம் ஒரே மருந்தை அடித்தால் களையும் பழகிக்கொள்ளும். அமெரிக்கப் பருத்தி வயல்களில் நம் முள்ளிக்கீரையின் சொந்தக்காரச் செடி ஒன்று கிளைஃபோசேட்டுக்கு அசையாமல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. புழுவும் அப்படித்தான். பி.டி. பருத்தியின் இரண்டு நஞ்சுகளையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எப்போதோ வென்றுவிட்டது.

ஆகவே, உஷார். "இந்த விதைக்குக் களை வெட்டவே வேண்டாம், மருந்து அடித்தால் போதும்" என்று யாராவது பாக்கெட்டை நீட்டினால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பருத்தி எதற்கும் இந்தியாவில் அனுமதி கிடையாது. ரசீது இல்லாத விதை வேண்டாம். ரசீதில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் இருக்க வேண்டும், பாக்கெட்டை அறுவடை முடியும்வரை தூக்கி எறியாதீர்கள். முளைக்காமல் போனாலோ காய் பிடிக்காமல் போனாலோ நஷ்டஈடு கேட்க உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான், கள்ள விதைக்கு அதுவும் இல்லை. கிளைஃபோசேட்டையும் யார் வேண்டுமானாலும் அடிக்க முடியாது. 2022 அக்டோபரிலிருந்து உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம்தான் அடிக்கலாம்.

தெரியாமல் விதைத்துவிட்டீர்களா? அந்தப் பருத்திக்கொட்டையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், மாமன் மச்சானுக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பகுதி விதை ஆய்வாளரிடமோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ பாக்கெட்டோடு போய்ச் சொல்லுங்கள்.