சுழற்பொறி மீளமைப்பு

சுழற்பொறி மீளமைப்பு என்பது பழுதடைந்த வான்கெல் வகை உள் எரி பொறியைக் கழற்றி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் இயங்கச் செய்யும் பணியாகும். செருமானியப் பொறியாளர் பெலிக்சு வான்கெல் (1902–1988) வடிவமைத்த இவ்வகைப் பொறியின் முதல் மாதிரி 1957 இல் இயங்கியது. சப்பானின் மாசுடா நிறுவனம் 1967 முதல் இதனைத் தானுந்துகளில் பயன்படுத்தியது. ஆர்எக்சு-7 (1978–2002), ஆர்எக்சு-8 (2003–2012) ஆகியவை இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. இவற்றின் பொறி பழுதடையும்போது, தானே மீளமைப்பதா, வல்லுநரிடம் ஒப்படைப்பதா என்பது உரிமையாளர் எதிர்கொள்ளும் முதன்மையான கேள்வியாகும்.

அமைப்பு

முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இரு வளைவுகள் இணைந்தது போன்ற உட்குழிவுடைய கூட்டினுள் சுழல்கிறது. சுழலி ஒரு முறை சுழல, வெளியீட்டுத் தண்டு மூன்று முறை சுழலும். சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள முனை அடைப்பான்கள் அடுத்தடுத்த அறைகளைப் பிரிக்கின்றன. பக்க அடைப்பான்களும் மூலை அடைப்பான்களும் பக்கச் சுவர்களில் வளிமக் கசிவைத் தடுக்கின்றன. உந்துருளை, அடைப்பிதழ், நெம்புருள் தண்டு ஆகியவை இப்பொறியில் இல்லை. எனவே உறுப்புகள் குறைவு. ஆயினும் அவற்றைப் பொருத்துவதில் மிகுந்த துல்லியம் தேவை.

பழுதைக் கண்டறிதல்

பொறியைக் கழற்றுமுன் அமுக்கத்தை அளக்க வேண்டும். பொதுவான அமுக்கமானி மூன்று அறைகளுள் மிக உயர்ந்த அளவை மட்டுமே காட்டி நிற்கும். பழுதான அறை மறைந்துவிடும். ஆகவே மூன்று அளவுகளையும் தனித்தனியே தரும் கருவி வேண்டும். ஆர்எக்சு-8 பொறிக்கு, நிமிடத்திற்கு 250 சுழற்சியில், இயல்பு அளவு 830 கிலோபாசுக்கல். குறைந்த எல்லை 680 கிலோபாசுக்கல். மின்கலமோ தொடக்கி மின்னோடியோ வலுவிழந்து சுழற்சி குறைந்தால், நல்ல பொறியும் குறைந்த அளவையே காட்டும்.

* அடுத்தடுத்த இரு அறைகளில் மட்டும் அமுக்கம் குறைந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள முனை அடைப்பானை ஐயுறலாம்.
* ஓர் அறையில் மட்டும் குறைந்தால், அப்பக்கத்தின் பக்க அடைப்பானை ஐயுறலாம்.
* மூன்றிலும் குறைந்தால், பொதுவான தேய்வோ, கரி படிந்து அடைப்பான்கள் சிக்கியதோ காரணமாகலாம்.

குளிர்நீர் குறைதல், தொடக்கத்தில் வெண்புகை எழுதல் ஆகியவை கூடுகளுக்கு இடையிலுள்ள இறப்பர் வளையங்களின் பழுதைக் காட்டுவன.

தானே செய்வதற்கான அளவுகோல்கள்

இறப்பர் வளையம் மட்டும் பழுதடைந்து, பொறி மிகைவெப்பம் அடையாதிருந்தால், உள்ளுறுப்புகள் பெரும்பாலும் மீண்டும் பயன்படும். முதன்முறையாக முயல்வோருக்கு இதுவே ஏற்ற நிலை. முனை அடைப்பான் உடைந்திருந்தால் நிலைமை வேறு. உடைந்த துண்டு கூட்டின் குரோமியம் பூச்சைக் கீறும், சுழலியையும் சிதைக்கும், சுழலி மிகையூட்டி உள்ள வண்டிகளில் வெளிப்போக்கு வழியே சென்று அதன் இதழ்களையும் தாக்கும். உந்துருளைப் பொறியில் தேய்ந்த உருளையைக் கடைந்து பெரிதாக்கலாம். இங்கு அது இயலாது. பூச்சு உரிந்த கூட்டை மாற்றவோ, சிறப்புப் பட்டறையில் மறுபூச்சு செய்யவோ வேண்டும். எனவே கழற்றிய பின்னரே செலவு தெளிவாகும். கூடுகள் கிடைக்குமா என்பதை முன்னரே அறிந்துகொள்வது நன்று.

தேவையான திறனும் கருவிகளும்

பொறி தூக்கி, முறுக்குத் திருகி, நுண்ணளவி, இடைவெளி அளவி ஆகியவை இன்றியமையாதவை. மாசுடா 13பி பொறியின் சமனுருள் மரை 54 மிமீ அளவுடையது. அதனை 392–490 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். தண்டின் நீளவாட்டு அசைவு 0.04–0.07 மிமீ எல்லைக்குள் அமைய வேண்டும். புதிய பக்க அடைப்பானின் முனையைச் சிறிது சிறிதாக அராவி, மூலை அடைப்பானுடன் 0.05–0.15 மிமீ இடைவெளி அமையச் செய்வர். கூடுதலாக அராவினால் அதனைச் சரிசெய்ய இயலாது. பழைய அடைப்பான்களை மீண்டும் பயன்படுத்தினால், ஒவ்வொன்றும் தனது பழைய பள்ளத்திலேயே அமைய வேண்டும்.

காரணத்தை நீக்குதல்

மீளமைத்த பொறிகள் விரைவில் மீண்டும் பழுதடைவதற்கு, முதற்பழுதின் காரணம் நீக்கப்படாமல் விடப்படுவதும் ஒரு காரணமாகும். குளிர்விப்பான் அடைப்பு, எரிபொருட் குறைவால் ஏற்படும் வெடிப்பெரிதல், அறைக்குள் எண்ணெய் செலுத்தும் எக்கியின் பழுது, வலுவிழந்த தீமூட்டுச் சுருள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காரணம் அறியப்படவில்லையெனில், தானே செய்தாலும் பிறரிடம் கொடுத்தாலும், பணி முற்றுப்பெற்றதாகக் கொள்ள இயலாது.