ஈயம் காட்டிய இரசாயனவாதி

பூமியின் வயதைக் கேட்டால் புராணிகர் யுகக் கணக்கு பேசுவார். கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்து இரசாயனவாதி கிளேர் பேட்டர்சனோ விண்கல்லின் ஈயத்தை அளந்து, 455 கோடி ஆண்டுகள் என்று 1956-லே நிலைநாட்டினார்.

பின்னர் கடல்நீரை அள்ளினார். ஆழத்தைவிட மேல்நீரில் ஈயம் அதிகம்! எங்கிருந்து வந்தது? பெட்ரோலில் கலந்து, மோட்டார்ப் புகையாய் வந்தது. அதைத் தயாரித்த நியூஜெர்சி ஆலையிலே 1924-ல் பாட்டாளிகள் ஐவர் சித்தம் கலங்கிச் செத்தனரே, அதே நஞ்சு!

1965-லே உலகுக்கு உரைத்தார். எண்ணெய் முதலாளிகளின் ஆராய்ச்சிப் பணம் நின்றது. 1971-ல் காற்றின் ஈயத்தை ஆராய்ந்த தேசியக் குழுவிலே அவருக்கு நாற்காலி இல்லை! அவரினும் ஈயத்தை அளந்தவர் யார்? கேட்கிறோம்.

பணியவில்லை பேட்டர்சன். 1995 டிசம்பரில் மறைந்தார். மறுமாதமே அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் தடை. இந்தியாவில் 2000-ல் ஒழிந்தது. அல்ஜீரியாவில் 2021 வரை விற்றார்கள்.