ஜன்னலருகே மட்டும் ஓடும் டாங்கிள்

மடிக்கணினிக்கு டாங்கிள் வாங்குபவர்கள் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அதே பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘பேண்ட்’ எண்களை.

ஏன்? இந்தியாவில் 4ஜி ஒரே அலைவரிசையில் வருவதில்லை. 850 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 5. 1800 பேண்ட் 3. 2300 பேண்ட் 40. 850இன் அலைநீளம் சுமார் 35 செ.மீ.; 2300க்கு 13 செ.மீ.தான். நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து வரும். சுவரிலும் குறைவாகவே தேயும். குட்டை அலை கான்கிரீட்டில் சீக்கிரம் வலுவிழக்கும். ஆனால் உயர் அலைவரிசைகளில் இடம் அதிகம் என்பதால், கோபுரத்துக்கு அருகில் வேகம் அங்கேதான் கிடைக்கும். உங்கள் நிறுவனம் 850இல் சேவை தந்தும் டாங்கிளில் பேண்ட் 5 இல்லையென்றால், உள்ளறையில் சிக்னல் தவிக்கும். மாடியில் அதே டாங்கிள் பறக்கும்!

பழைய 3ஜி டாங்கிள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜியோவுக்கு 3ஜியே கிடையாது. ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்றும் கடையில் கேளுங்கள்.

கணினிக்குள்ளேயே பொருத்தும் கார்டு என்றால், திரையைச் சுற்றி அதற்கான ஆன்டெனா கம்பிகள் ஏற்கெனவே ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.