குச்சியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிஃப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு வாடகைக் கார், சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பானெட்டைத் திறங்கண்ணே, ஆயில் பாத்துடலாம்" என்கிறார் பங்கில் நிற்பவர். ஆயில் அளவு காட்டும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்து நீட்டுகிறார். நுனியில் மட்டும் ஈரம். "ரொம்பக் கம்மியா இருக்கு, ஒரு லிட்டர் ஊத்திடலாமா?" அவசரத்தில் இருக்கும் ஓட்டுநர் தலையாட்டிவிடுகிறார்.

அந்த வண்டியில் ஆயில் உண்மையிலேயே குறைவாக இருந்ததா என்பது அந்த இருவருக்குமே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஆயிலின் ஒரு பங்கு மேல்பகுதியிலும் குழாய் வழிகளிலும் தங்கியிருக்கும். அது வழிந்து இன்ஜினின் அடியில் உள்ள சேம்பருக்கு இறங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்கு முன் பார்த்தால் குச்சி குறைத்தே காட்டும். குச்சியைக் கடைசி வரை அழுத்திச் செருகாவிட்டாலும் அப்படித்தான். தேவையற்ற ஆயிலை விற்க இந்த இரண்டாவது வழியைத் தெரிந்தே கையாள்பவர்களும் உண்டு.

சரியாகப் பார்க்கும் முறை எளிது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்; பாலத்தின் சரிவோ, நடைபாதையில் பாதி ஏறிய நிலையோ கூடாது. சூடான இன்ஜினை அணைத்தபின் ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சில வண்டிகளுக்குக் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதில் வண்டியோடு வந்த கையேடு சொல்வதே இறுதி. முதல் முறை உருவும்போது தெரிவதைக் கணக்கில் எடுக்காமல், பஞ்சு உதிராத துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். குச்சியின் இரு பக்கமும் வேறுபட்டால் குறைவான பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். குச்சியில் உள்ள கீழ், மேல் குறிகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் போதும். மேல் குறியைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் உள்ள இடைவெளி பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறிய கார்களில் அதைவிடக் குறைவு. எனவே பாதி அளவில் இருக்கும் வண்டியில் ஒரு லிட்டரை அப்படியே கவிழ்த்தால் அளவு மேல் குறியைத் தாண்டிவிடும். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை கலந்த ஆயிலால் தேவையான அழுத்தம் கிடைக்காது. சீல்கள் கசியலாம், புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கெடலாம். குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் நல்லது என்ற நம்பிக்கை தவறு.

அதைவிட ஆபத்தான நம்பிக்கை இன்னொன்று உண்டு: "சிவப்பு விளக்கு எரியலையே, ஆயில் இருக்கும்." டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று பொருள். உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். "அடுத்த மெக்கானிக் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று போனால் இன்ஜின் சீஸ் ஆகி, செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும்.

டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும். குறுகிய தூரம் ஓடி அடிக்கடி அணைக்கப்படும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று, டீசல் சேம்பரில் இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ, குச்சியில் டீசல் வாடை அடித்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

கும்மிடிப்பூண்டிச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சுங்கச்சாவடியில் காத்து நிற்கும் வண்டியின் மீட்டர் ஓடாது, இன்ஜின் மட்டும் ஓடும். ஆகவே கிலோமீட்டரை மட்டும் வைத்து ஆயில் மாற்றுவது இந்தப் பகுதிக்குப் போதாது; மாதக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கையாளருக்கு உள்ள உரிமைகளைப் பலர் கேட்டுப் பெறுவதில்லை. டப்பாவின் சீலைக் கண்ணெதிரே உடைக்கச் சொல்லலாம். அதில் விலை, அளவு, தயாரித்த மாதம், நிறுவனத்தின் முகவரி அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. மீந்த ஆயில் பணம் கொடுத்தவருடையது. காலி டப்பாவைக் கிழித்துப் போடச் சொன்னால் அதில் போலி ஆயில் நிரப்ப வழியில்லை. ஃபில்டர் மாற்றியபின் இன்ஜினைச் சிறிது ஓட்டி அணைத்து, காத்திருந்து, குச்சியைக் காட்டச் சொல்ல வேண்டும். புதிய ஃபில்டரும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். அதன் பிறகுதான் பணம். பில்லில் ஆயிலின் தரக் குறியீடும் லிட்டரும் கிலோமீட்டரும் இருக்க வேண்டும். கேட்டும் பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடவடிக்கை.

வெளி மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தால் வாரன்டி போய்விடும் என்ற அச்சமும் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தது. திருவள்ளூரில் ஆலை நடத்திய இந்துஸ்தான் மோட்டார்ஸும் அவற்றில் ஒன்று. தனியார் மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி முழுக்க ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றது ஆணையம். அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தன. எனவே வாரன்டி காலத்தில் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, கையேடு சொல்லும் தர ஆயிலையே ஊற்றி, பில்களைப் பத்திரப்படுத்துவது பாதுகாப்பு.

புது வண்டி ஆயிலைக் குடித்தால்? ஓரளவு செலவாவது இயல்பு. எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் தேதி, கிலோமீட்டர், குச்சியின் படம் மூன்றையும் தொடர்ந்து பதிந்து வைக்க வேண்டும். அமெரிக்காவில் சில சுபாரு கார்கள் அளவுக்கு மீறி ஆயில் குடித்ததாகத் தொடரப்பட்ட வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்து, வாரன்டி 8 ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அங்கே குறிப்பிட்ட தூரம் ஓட்டி, குறைந்த அளவை அளந்து பார்ப்பதே சோதனை முறை. நம் உச்ச நீதிமன்றம் 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில், வாரன்டி என்பது பழுதான பாகத்துக்குத்தான், முழு வண்டியையும் மாற்றித்தர அல்ல என்றது. எந்தப் பாகம், எப்போதிருந்து பழுது என்று காட்ட அந்தப் பதிவுகளே உதவும்.

வடித்த பழைய ஆயில் அபாயக் கழிவு. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், தேர்வாய்கண்டிகை ஏரிகள் உள்ள திருவள்ளூர் மாவட்டம் இது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் முதலில் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அங்கும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வாடகைக் கார்க்காரரும் சட்டப்படி நுகர்வோர்தான். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.