ஏற்றம் வந்தால் இறங்க வேண்டுமா?

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று பொருள். தமிழிலே திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் பெயரில் மலை இருக்கிறது. ஊரைச் சுற்றி வந்து பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையைக் காணோம்! மலை கோயிலுக்கு அடியில் அமிழ்ந்திருக்கிறது என்று ஊரார் சொல்வார்கள். பழமலைநாதர் கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசிக்கவும் படி ஏற வேண்டியதில்லை, படி இறங்கித்தான் போக வேண்டும்.

பீங்கானுக்குப் பெயர் போன இந்த ஊரில் சைக்கிளுக்கு என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு நாள் காலை மேம்பாலத்தடியில் நிற்கும்வரை.

ரயில் வந்த ஊரில் மலை இல்லாவிட்டாலும் மேம்பாலம் வந்துவிடும் அல்லவா? மோட்டாரில் போகிறவருக்கு அது ஏற்றமாகவே தெரியாது. சைக்கிளில் போகிறவருக்கு அதுதான் மலை. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கீழேயிருந்து வெகு வேகமாக மிதித்துக்கொண்டு வந்தாள். கால்வாசி தூரம் ஏறினாள். வேகம் குறைந்தது. சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது. பாதியில் குதித்து இறங்கிவிட்டாள். பின்னால் வந்த இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தள்ள ஆரம்பித்தாள்.

"ஏம்மா, பாதியிலேயே இறங்கிட்டே?" என்று கேட்டேன்.

"எனக்கு அவ்வளவு பலம் இல்லைக்கா. தினமும் இந்த இடத்துலதான் இறங்குவேன். இவ்வளவு சிரமப்பட்டு சைக்கிள்ல போக வேண்டாம், பஸ்ஸுலேயே போன்னு அம்மா சொல்றாங்க. ஆனா பஸ் வர்ற நேரத்துக்குப் போனா ஸ்பெஷல் கிளாஸ் பாதி முடிஞ்சிருக்கும்."

விஷயம் சின்னதுதான். ஆனால் அந்தப் பாலத்தின் பாதியில் நின்றது சைக்கிள் மட்டுமல்ல, அவள் படிப்பில் ஒரு பகுதியும் அங்கேதான் நின்றது. உண்மையிலேயே அவளுக்குப் பலம் போதவில்லையா? இதை விசாரிக்கப் புறப்பட்டதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

கிலோக் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்பட வேண்டாம். மளிகைக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது எம்மாத்திரம்!

அந்தப் பெண் 50 கிலோ, சைக்கிள் 20 கிலோ, புத்தகப் பை 5 கிலோ, ஆக 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நிதானமாக ஓட்டும்போது சைக்கிளை முன்னே தள்ள ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் விசை இருந்தால் போதும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, சமவெளிச் சாலைகளில் சாதாரணமாக 30 அடி போனால் ஓர் அடி உயரலாம். 75 கிலோவை அந்த 30-ஆல் வகுத்தால் இரண்டரை வரும். ஆகவே ஏற்றம் தொடங்கியதும் ஒரு கிலோ மூன்றரை கிலோவாகிவிடுகிறது!

மலைப்பாதைகளில் 20-க்கு ஓர் அடி, சில இடங்களில் அதற்கு மேலும் உயரும். அப்போது இந்தக் கணக்கு ஐந்து கிலோவை நெருங்கிவிடும். வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் சுமக்கிற நம் பெண்களுக்கு ஐந்து கிலோ ஒரு பிரமாதமா? இல்லை. பின் ஏன் மூச்சு வாங்குகிறது? சமதளத்தில் போன அதே வேகத்தில் ஏற்றத்திலும் போகப் பார்க்கிறோம். மூன்றரை மடங்கு விசைக்கு மூன்றரை மடங்கு மூச்சு வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் கீழேயிருந்து பாய்ந்து வந்தாளே, அங்கேயே அவள் தெம்பு பாதி செலவாகிவிட்டது.

மலைக்குப் போகும் தந்திரம்

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைப் பாதையில் 70. நேராக ஒரு ரோடு போட்டிருந்தால் தூரம் குறைந்திருக்கும், ஆனால் எந்த வண்டியும் ஏறியிருக்காது. அதனால் தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார்கள். மொத்தப் பணத்தை ஒரே நாளில் கொடுக்க முடியாதவர்கள் பீரோவைத் தவணையில் வாங்குவதில்லையா? அதே தந்திரம்தான்.

சைக்கிளில் இந்தத் தவணை முறைக்குத்தான் கியர் என்று பெயர். நம் ஊர் சாதாரண சைக்கிளில் பெடலோடு சுற்றும் செயின் வீலில் 44 பல்லும், பின்னால் பிரீவீலில் 18 பல்லும் இருப்பது வழக்கம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 28 அங்குலச் சக்கரம் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். சமதளத்துக்கு அது ரொம்ப சௌகரியம். பிரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர்தான் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மீட்டர் நஷ்டம். ஆனால் காலுக்கு வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே ஏற்றத்துக்கு வேண்டியது பலம் அல்ல, பல்!

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே மூன்று கியரை அடக்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி இங்கிலாந்தில் 1902-ல் பிறந்தது. அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டுச் சுற்றுலாக் கழகம் பைரனீஸ் மலையில் ஒரு சைக்கிள் பரீட்சை வைத்தது. 2,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த தூர்மலே கணவாய் அதன் வழியில் இருந்தது. மார்த் ஹெஸ் என்ற பெண்மணி கியர் மாற்றும் சைக்கிளில் வந்தார். வழி நெடுக அவர் ஓரிடத்திலும் கால் ஊன்றவில்லை.

ஆனால் வீராதி வீரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதினார் ஆன்றி தெக்ராஞ்ச். 1903-ல் பிரான்ஸைச் சுற்றும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தை ஆரம்பித்தவர் அவர்தான். ஓடும்போதே பல் மாற்றும் கருவியை அந்தப் பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கவில்லை!

இறங்கினவர் ஜெயித்த கதை

அந்தப் பந்தயத்தில் இன்னொரு வேடிக்கை. 1910-ல் முதன் முறையாகத் தூர்மலே கணவாய் வழியாக வீரர்களை அனுப்பினார்கள். குஸ்தாவ் கரிகு என்பவர் இறங்காமலே ஏறி, அதற்காக 100 பிராங்க் பரிசு பெற்றார். ஒக்தாவ் லாப்பீஸ் என்பவரோ இறங்கினார், தள்ளினார், மறுபடி ஏறி ஓட்டினார். அந்த வருஷம் பந்தயத்தில் முதலாவதாக வந்தது யார் தெரியுமா? இறங்கித் தள்ளிய லாப்பீஸ்தான்!

ஆகவே ஏற்றத்தில் இறங்குவது அவமானம் அல்ல. இறங்கி ஐம்பது அடி தள்ளி, மூச்சு வந்ததும் மறுபடி ஏறிக்கொண்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. இறங்கிய வெட்கத்தில் சைக்கிளையே வீட்டுச் சுவரில் சாத்திவிடுவதுதான் நஷ்டம்.

வேறொரு மலை

நம் பெண்களுக்கு இதைவிடச் செங்குத்தான மலை ஒன்று இருந்தது. பெண் பிள்ளை சைக்கிள் விடுவதா என்ற பேச்சுத்தான் அது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்க ஊக்கம் தந்தார். 1992 மார்ச் 8-ஆம் தேதி, உலகப் பெண்கள் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணி அடித்துக்கொண்டு ஊரை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாம், அதனால் இதுவே வசதி என்றும் சொன்னார்கள்! கல்லுடைக்கும் பெண்களும் தண்ணீர் சுமக்கும் பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் முதலில் பலம் சேர்த்துக்கொண்டு, பிறகு சைக்கிள் ஏறவில்லை. ஏறினார்கள், பலம் தானாக வந்தது.

தமிழக அரசு 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கும் அது விரிந்தது. சைக்கிள் கிடைத்துவிட்டது. மேம்பாலத்தில் அதை எப்படி ஏற்றுவது என்பதை வீட்டில்தான் சொல்லித்தர வேண்டும்.

வீட்டில் சொல்லித்தர வேண்டியவை

முதலில் சீட்டைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். பயத்தினால் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டால், குந்தியிருந்து எழுவதுபோலக் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். பழகப் பழக ஒவ்வொரு விரலாக உயர்த்தலாம்.

அடுத்து டயரில் காற்று. வாரம் ஒரு முறை பம்ப் அடியுங்கள். காற்று இறங்கிய டயரோடு ஏற்றம் ஏறுவது, மணலில் நடப்பது மாதிரி. காய்ந்த செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெயும் வேண்டும்.

பெடலை நடுப்பாதத்தால் மிதிக்காமல் முன்பாதத்தால் மிதிக்க வேண்டும். ஏற்றத்தைக் கண்டதும் பாயாமல், அடியிலேயே வேகத்தைத் தணித்து, பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லும் அளவு மூச்சோடு ஏற வேண்டும். பார்வை உச்சியில் வேண்டாம், பத்தடி முன்னால் இருந்தால் போதும். வளைந்து வளைந்து ஏறினால் சரிவு குறையும் என்பது நிஜம்தான். ஆனால் பஸ்ஸும் லாரியும் வரும் பாலத்தில் அந்த வித்தையைக் காட்டக் கூடாது. இடப்பக்கம் ஒதுங்கி நேராகவே போக வேண்டும்.

பிரீவீல் மாற்றுவதைச் சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். செயினிலும் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். நெஞ்சு படபடப்பும் தலைச்சுற்றலும் வருகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற்றத்தில் இறங்க வேண்டாம்!

ஏறினால் இறங்கவும் வேண்டுமே! சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை இந்த ஊருக்குச் சொந்தம். ஏற்றத்தில் போட்ட உழைப்பை இறக்கத்தில் எடுப்பதும் அப்படித்தான். ஆனால் குளத்தில் எடுத்த பொன் முதலில் மாற்றுக் குறைந்திருந்ததாம். நம் உழைப்பிலும் காற்றும் பிரேக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். மழையில் ஸ்டீல் ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும், ஆகவே முன்கூட்டியே பிடியுங்கள். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொண்டு புறப்படுங்கள். கேரியரில் பீங்கான் பொம்மை இருந்தால் எப்படி இறங்குவீர்களோ, அப்படி எப்போதும் இறங்குங்கள்.

அந்தப் பெண்ணின் சைக்கிளை அன்றே பார்த்தோம். சீட் மிகவும் தாழ்ந்திருந்தது. பின் டயரில் காற்றுப் பாதிதான். கடைக்காரர் பத்து நிமிஷத்தில் இரண்டையும் சரி செய்தார். பாய்ந்து வராதே, மெள்ள வா என்று மட்டும் நான் சொன்னேன்.

மறுநாள் காலையும் அதே பாலத்தடியில் நின்றேன். வந்தாள். மெதுவாக ஏறினாள். பாதியைத் தாண்டினாள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிவிட்டாள். எனக்கு "ஐயோ" என்று இருந்தது.

அவளோ திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து இறங்கின இடம் அதோ அங்கே இருக்குக்கா!" என்றாள்.