கணினியின் மணற்பரப்பு: படத் திருத்த மென்பொருளும் தற்காலிகச் சேமிப்பிடமும்

திண்ணைப் பள்ளிக் காலத்தில் மாணாக்கர் முதலில் எழுதிப் பழகியது மணலில். விரலால் எழுதினர், பிழை நேர்ந்தவிடத்து உள்ளங்கையால் தடவி அழித்து மீண்டும் எழுதினர். கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவர்கட்கு வழங்கப்பெற்றன. மணலில் எழுதியது அழிவதற்காகவே எழுதப்பட்டது. ஓலையில் எழுதியது நிற்பதற்காக எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாத மாணாக்கன் அன்று ஒருவனும் இருந்திருக்க மாட்டான். கணினியைக் கையாளும் நம்மில் பலர் இன்று அதனை அறியாது இடர்ப்படுகின்றோம். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பொருளில் என்ன வேலை என்று வினவும் பெரியோர்க்கு, இக்கட்டுரையின் இடையே வரும் ஒரு நிகழ்ச்சி விடை கூறும்.

பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றியுள்ள ஒளிப்படக் கடைகளில் ஒரு மாலைப் பொழுது அமர்ந்திருந்தால், இளைஞர் ஒருவர் திடீரெனக் கையைச் சுட்டியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளும் காட்சியைக் காணலாம். ‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, கட்டளையை நிறைவேற்ற இயலவில்லை’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கில அறிவிப்புத் திரையில் தோன்றியிருக்கும். திருமண ஆல்பமோ, பாஸ்போர்ட் படமோ, பாதியில் நின்றுபோயிருக்கும். “படம் வெறும் 6 எம்.பி.தான் சார், எப்படி நிரம்பும்?” என்பதே அவர் எழுப்பும் கேள்வி. நியாயமான கேள்வியே.

விடை கணக்கில் உள்ளது. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்திற்கு 600 புள்ளி என்ற செறிவில் ஸ்கேனரில் எடுத்தால், அகலத்தில் 4,960, உயரத்தில் 7,016 என ஏறத்தாழ 3 கோடியே 48 இலட்சம் படப்புள்ளிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். ஆக 10 கோடியே 44 இலட்சம் பைட்டுகள், அதாவது சுமார் 104 மெகாபைட்டு. வன்தட்டில் உறங்கும்போது அப்படம் ஜேபெக் என்னும் சுருக்கு முறையால் மடித்து வைத்த பட்டுச் சேலைபோல் சில மெகாபைட்டுகளில் அடங்கிக் கிடக்கும். திருத்துவதற்காகத் திறந்தவுடன் மடிப்பு முழுவதும் விரிந்துவிடும். அதன்மேல் முழு அளவில் ஓர் அடுக்கைச் சேர்த்தால் இன்னும் ஒரு 104. வண்ணச் செறிவை 8 பிட்டிலிருந்து 16 பிட்டாக உயர்த்தினால் எல்லாம் இருமடங்கு. செய்ததை மீட்டுக்கொள்ளும் வசதிக்காகப் போட்டோஷாப் அண்மைப் பதிப்புகளில் இயல்பாகவே 50 முந்தைய நிலைகளை நினைவில் வைத்திருக்கின்றது. ஒரு சிறு மூலையைத் திருத்தினால் அம்மூலையின் பழைய நிலையை மட்டுமே அது காத்துவைக்கும். ஆனால் படம் முழுவதையும் மாற்றும் ஒளியமைப்பு, மங்கல் நீக்கம் முதலியவற்றைச் செய்யுந்தோறும் முழுப் படத்தின் பழைய நிலையையும் காத்தாக வேண்டும். இத்துணையும் கணினியின் உள்நினைவகத்தில் அடங்காதபோது, வன்தட்டின் வெற்றிடத்தில் ஒரு பகுதியைத் தனக்கு மணற்பரப்பாக அமைத்துக்கொண்டு மென்பொருள் அங்கே எழுதியும் அழித்தும் பணிபுரிகின்றது. அதுவே ஸ்கிராட்ச் டிஸ்க்.

இச்சொல்லைத் தமிழாக்குவது எளிதன்று. ‘கீறல் வட்டு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வட்டில் கீறல் விழுந்துவிட்டதென்று கடைக்காரர் அஞ்சுவார். ஆங்கிலத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கிழித்தெறியும் தாளுக்கு வழங்கும் பெயரே இங்கு வந்துள்ளது. நம் மாணவர் ‘ரஃப் நோட்டு’ என்பர். ‘கரட்டு வட்டு’ என்பது என் விருப்பம். ஏற்பதும் தள்ளுவதும் அறிஞர்தம் உரிமை. இக்கட்டுரையில் ‘தற்காலிகச் சேமிப்பிடம்’ என்ற பொதுவழக்கையே கையாள்கின்றேன்.

இம்முறை நேற்றுப் பிறந்ததன்று. 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில், டாம் கில்பர்ன் தலைமையிலான குழுவினர், விரைவும் விலையும் மிகுந்த சிறு நினைவகத்தையும் மெதுவாகச் சுழலும் பெரிய உருளை நினைவகத்தையும் ஒன்றே போலத் தோன்றும்படி இணைத்தனர். இடமின்மையால் வெளியே வைக்கப்பட்ட பக்கம் தேவைப்படும்போது தானே உள்ளே வரும். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நோல், 1987-இல் தம் மெக்கிண்டாஷ் பிளஸ் கணினியில் எழுதத் தொடங்கிய நிரலே, தமையனல்லாத தம் இளவல் ஜான் நோலின் துணையுடன் வளர்ந்து, 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் எனும் பெயரில் வெளிவந்தது. அக்காலக் கணினிகளின் உள்நினைவகம் இரண்டொரு மெகாபைட்டே. ஆதலின் வன்தட்டை நினைவகம்போல் பயன்படுத்தும் தனி ஏற்பாட்டை அதன் முதற்பதிப்பிலேயே அமைத்திருந்தனர். இயக்க முறைமை தரும் பொது ஏற்பாட்டை நம்பாது, தனக்கென ஒன்றை வைத்துக்கொள்ளும் பழக்கம் அம்மென்பொருளுக்கு இன்றளவும் உண்டு. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளும் இதற்கு விலக்கன்று. அதன் பழைய பதிப்புகளில் தற்காலிகக் கோப்பின் பெயர் ‘கிம்ப்ஸ்வாப்’ என்று தொடங்கிற்று.

இனி, மேலே குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

2022 ஆம் ஆண்டில், பழங்காநத்தத்தில் வாழும் எம் உறவின்முறைப் பெரியவர் ஒருவர், தம் பாட்டனார் ஓதிவந்த முனாஜாத்துத் தொகுப்பு ஒன்றை என்னிடம் தந்தார். முகப்புத்தாள் இல்லை, அச்சான ஆண்டும் அச்சகமும் தெரியவில்லை. 112 பக்கம். தாள் பழுப்பேறி, மடித்தால் ஒடியும் நிலையில் இருந்தது. “ஒரு நாள்தான் தம்பி, வீட்டில் தேடுவார்கள்” என்றார். இரண்டிரண்டு பக்கங்களாக 56 படங்கள் எடுத்தோம். ஒவ்வொன்றும் சுருக்கப்படாத டிஃப் கோப்பு, மொத்தம் 5.8 ஜி.பி.க்குச் சற்று மேல். நூலை அன்றிரவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மாணவர் ஒருவரை அமர்த்திப் பழுப்பை நீக்கி எழுத்தைத் தெளிவாக்கும் பணியைத் தொடங்கினோம். 20 படங்கள் முடிவதற்குள் அந்த அறிவிப்புத் தோன்றியது. நான் தொலைபேசியில், பாதி கேட்டும் கேளாமலும், “டெம்ப்பில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்றேன். அவ்வண்ணமே அவர் செய்தார். மீட்புத் தொட்டியையும் காலி செய்தார்.

கணினியின் டெம்ப் கோப்புறை சி வட்டின் ஆழத்தில் மறைந்து கிடப்பது. ஆனால் திரை முகப்பில், எவரும் காணும்படி, ‘டெம்ப்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. அதனை உருவாக்கியவன் நானே. “பிறகு முறையாக வைத்துக்கொள்ளலாம்” என்றெண்ணி 56 மூலப் படங்களையும் அதனுள் இட்டிருந்தேன். மாணவர்மீது குற்றமில்லை. நிற்கவேண்டியதை மணலில் எழுதியவன் ஆசிரியன்.

இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ‘இடத்தைக் காலி செய்வது எப்படி’ என்று கேட்பவர்க்கு ‘அழியுங்கள்’ என்று விடை கூறுவது எவர்க்கும் எளிது. எதனை என்பதே கேள்வி. மென்பொருள் தன் வசதிக்காக எழுதியவை வேறு. நாம் வைத்தவை வேறு. பெயரைக் கொண்டு இவற்றைப் பிரித்தல் இயலாது. எழுதியவர் யாரென்பதைக் கொண்டே பிரித்தல் வேண்டும். பெருநிறுவனங்களும் இதில் தடுமாறியதுண்டு. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 மேம்பாட்டில், பயனர் சிலருடைய சொந்தக் கோப்புகளே அழிந்தமையால், மைக்ரோசாப்ட் நிறுவனம் அதன் வழங்கலைச் சில நாட்களில் நிறுத்திவைக்க நேர்ந்தது. அதே பதிப்பின் வட்டுத் தூய்மைக் கருவி, நாம் இணையத்திலிருந்து இறக்கிவைக்கும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையையும் அழிக்கத்தக்கவற்றின் பட்டியலில் காட்டியது. பிந்திய பதிப்பில் அதனை நீக்கினர். பட்டியலில் உள்ள கட்டங்களையெல்லாம் கண்மூடிக்கொண்டு குறியிடும் பழக்கம் உடையோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

அறிவிப்புத் தோன்றியவுடன் செய்யத்தக்கது, பணியை வேறொரு வட்டில் வேறு பெயரில் சேமிப்பதற்கு முயல்வதாகும். சேமிக்கவும் இடமில்லை என்று மென்பொருள் மறுத்தால், எடிட் பட்டியலில் ‘பர்ஜ்’ என்னும் கட்டளை உண்டு. அது முந்தைய நிலைகளையும், நகலெடுத்து வைத்தவற்றையும் துடைத்து இடம் தரும். பின்னோக்கிச் செல்லும் வழி அத்துடன் அடைபடும் என்பதை அறிந்து அதனைக் கையாளுதல் வேண்டும். பின்னர் மென்பொருளை முறைப்படி மூடவேண்டும். முறைப்படி மூடினால் அது தன் மணலைத் தானே சமன்செய்துவிட்டுச் செல்லும். தனியாக எதனையும் அழிக்கும் தேவையே பெரும்பாலும் எழாது. மின்தடையாலோ, மென்பொருள் உறைந்து நின்றமையாலோ இடையில் அறுபட்டால்தான் பழைய தற்காலிகக் கோப்புகள் அநாதைகளாய்த் தங்கிவிடுகின்றன. நம் ஊர் மின்வழங்கலை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

அத்தகைய அநாதைக் கோப்புகளைக் காண, மென்பொருள் மூடியிருக்கும் நிலையில், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, இரு சதவீதக் குறிகளுக்கிடையே ‘டெம்ப்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் திறக்கவேண்டும். ‘போட்டோஷாப் டெம்ப்’ என்ற பெயரும் எண்ணும் கொண்டு, சில வேளைகளில் பல ஜி.பி. அளவில் கிடப்பனவே நாம் தேடுபவை. வேறு வட்டைத் தற்காலிக இடமாக அமைத்திருந்தால் அவ்வட்டிலும் காணலாம். தேதியையும் அளவையும் நோக்கி அவற்றை மட்டும் நீக்கினால் போதும். நீக்கியவை மீட்புத் தொட்டிக்குச் சென்றால், தொட்டியைக் காலி செய்யும்வரை வட்டில் இடம் விடுபடாது. அத்தொட்டியைக் காலி செய்யுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள் என்பது என் வேண்டுகோள். நான் அன்று சொல்லத் தவறிய சொல் அதுவே.

மென்பொருள் திறக்கவே மறுக்கின்றதெனில், அதனைத் தொடங்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்திப் பிடித்தால், தற்காலிகச் சேமிப்பிடத்தை மாற்றும் சாளரம் தோன்றும். மற்ற வேளைகளில் எடிட் பட்டியலின் விருப்பத்தேர்வுகளில் அது உள்ளது. இயக்க முறைமை குடியிருக்கும் சி வட்டை விடுத்து, கணினியின் உள்ளேயே பொருத்தப்பட்ட விரைவான வேறொரு எஸ்.எஸ்.டி. வட்டு இருப்பின் அதனைக் குறிப்பிடலாம். பென் டிரைவையும் வலைப்பின்னல் வழி இணைந்த வட்டையும் இதற்குப் பயன்படுத்துவது நன்றன்று. 50 என்றுள்ள முந்தைய நிலைகளை 20 ஆகக் குறைத்தலும், ஒரே நேரத்தில் பத்துப் படங்களைத் திறந்துவைக்கும் வழக்கத்தைக் கைவிடுதலும் உதவும். எத்துணை இடமிருந்தும் அறிவிப்பு மீண்டும் தோன்றுமாயின், வெட்டும் கருவியின் அளவுக் கட்டத்தைப் பாருங்கள். 400-க்கு 600 படப்புள்ளி என்று எண்ணி எழுதியது, அலகு மாறியிருந்தமையால் 400-க்கு 600 அங்குலம் என்றாகியிருக்கலாம். அங்குலத்திற்கு 300 புள்ளி எனக் கொண்டால் அது 2,160 கோடி படப்புள்ளிகள். ஏறக்குறைய 65 ஜி.பி. ஒரு பாஸ்போர்ட் படம், வீட்டின் மேல்மாடியையும் தாண்டி வளர முயன்றிருக்கின்றது. கடைகளில் ‘காரணமே தெரியவில்லை’ என்று கூறப்படும் இடர்களுள் சில இவ்வகையின.

எங்கள் படங்களுக்கு நேர்ந்தது யாதெனில், மீட்பு மென்பொருளால் 17 படங்களே கிடைத்தன, எஸ்.எஸ்.டி. வட்டில் அழித்தவை நெடுநேரம் தங்குவதில்லை. நடந்ததைப் பெரியவரிடம் மறைக்காமல் கூறி நூலை மீண்டும் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், உள்ளே சென்று எடுத்துவந்தார். முதன்முறை விரித்ததிலேயே தளர்ந்திருந்த தாள்கள் இரண்டாம் முறை தாங்கவில்லை. ஒன்பது பக்கங்களின் ஓரம் கண்ணெதிரே உதிர்ந்தது. அவ்வொன்பதில் நான்கு, நற்பேறாக மீட்கப்பட்ட 17 படங்களுள் இருந்தன.

இம்முறை படங்களை எடுத்தவுடன், திருத்தத்தைத் தொடங்குமுன், மூன்று படிகள் செய்தோம்: ஒன்று துறையின் புற வன்தட்டில், ஒன்று என் இல்லத்தில், மற்றொன்று பெரியவரின் பேரன் கணினியில். திருத்தும் பணி நகலில் மட்டுமே நடந்தது. கோப்புறைக்கு நூலின் பெயரையே இட்டோம். பெயர் தெரியாத நூலாகையால் பெரியவரின் பாட்டனார் பெயரை இட்டோம். திருத்திய படிவத்தில், எஞ்சிய ஐந்து பக்கங்களில் உதிர்ந்த சொற்கள் இருந்தவிடத்தை, பழஞ்சுவடி பதிப்பித்தோர் வழக்கப்படி, புள்ளிகள் இட்டுக் காட்டியுள்ளோம்.