பெர்மாவின் ஆறாம் எண்

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவற்றைப் பகா எண்கள் என்றும், வகுபடுவனவற்றைப் பகு எண்கள் என்றும் கணித நூலார் வழங்குவர். சிற்றெண்ணாயின் அஃது எவ்வகையினது என்பதை நாம் நொடியில் அறியலாம். பேரெண்ணாயின் பேரறிஞரும் மயங்குவர். 429,49,67,297 என்னும் எண் இதற்குத் தக்க சான்றாகும்.

பிரான்சு தேயத்துத் துலூசு நகர நீதிமன்றத்தில் அலுவல் புரிந்த பெர்மா என்பார் கணிதத்தில் பெருவேட்கை கொண்டவர். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்ட, முறையே 3, 5, 17, 257, 65,537 என வரும். இவை ஐந்தும் பகா எண்களே. ஆகவே, அடுக்கை இவ்வாறு இரட்டித்துச் செல்லுங்கால் வருவன யாவும் பகா எண்களே என அவர் 1640இல் கருதினார். அதனை நிறுவ இயலவில்லை என்பதையும் மறைத்தாரல்லர். அடுத்து வரும் ஆறாவது எண்ணே, 32ஆம் அடுக்கோடு ஒன்று கூடிய நம் எண்.

1732இல் ஆய்லர் என்னும் கணிதப் புலவர், அவ்வெண் 641ஆல் வகுபடும் என்று காட்டினார். ஈவு 67,00,417. கண்மூடித் தேடிக் காணவேண்டியதன்று இவ்வகுஎண். நம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அது 64இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவரே பின்னர் நிறுவிய விதி. அவ்வாறமைந்த பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஆகவே ஐந்தாம் சோதனையிலேயே விடை கிட்டிவிடும்.

நெடிய வகுத்தலின்றியும் இதனை நாம் தெளியலாம். 641 = 5 × 128 + 1; அன்றியும், 641 = 625 + 16. முன்னதனால், 5 × 128 என்பதை 641ஆல் வகுக்க மீதி −1 எனக் கொள்ளலாம். 128 என்பது இரண்டின் 7ஆம் அடுக்கு. ஆதலின் இருபுறமும் நான்காம் அடுக்கை எடுப்பின், 625ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கியதற்கு மீதி 1 ஆகும். பின்னதனால், 625க்கு ஈடாக −16ஐ இடலாம். 16 என்பதோ இரண்டின் 4ஆம் அடுக்கு. எனவே இரண்டின் 32ஆம் அடுக்கிற்கு மீதி −1. அதனோடு ஒன்றைக் கூட்ட, மீதி ஏதுமில்லை.

இனி இவ்வெண்ணின் வகைகளைக் காண்போம். இஃது ஒற்றை எண். இரண்டே பகா எண்களின் பெருக்கம். தன்னை ஒழித்த ஏனை வகுஎண்களாகிய 1, 641, 67,00,417 என்பவற்றின் கூட்டுத்தொகை 67,01,059 மட்டுமே. தன்னினும் குறைந்தமையின் இது குறையெண். மேலும், இது 65,536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டாகவும், 62,264, 20,449 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டாகவும் அமையும். பகா எண் எதுவும் இங்ஙனம் இருவகையால் அமையாது. ஆதலின் இதுவும் அதன் பகுதன்மைக்கு மற்றொரு சான்றாம்.

பெர்மாவின் கருத்துப் பிழைத்ததாயினும் அவர் கண்ட வரிசை வீணாகவில்லை. 17 பக்கச் சமபலகோணத்தைக் கவராயமும் வரைகோலும் கொண்டே வரையலாம் என்பதை, பத்தொன்பது ஆண்டு நிரம்பாத கௌஸ் 1796இல் கண்டார்; அப்பதினேழும் இவ்வரிசையில் வரும் எண்ணேயாம். 65,537க்கு மேல் இவ்வரிசையில் பகா எண் ஒன்றேனும் உண்டோ என்பது இன்றும் தீராத வினா. ஐந்து சான்றுகள் ஒருங்கே நின்று உடன்பட்டும் ஆறாவது மறுத்தது. எத்துணைச் சான்றுகள் திரண்டாலும் அவை நிறுவுதலுக்கு ஈடாகா என்பதே இவ்வெண் நமக்குப் புகட்டும் பாடமாகும்.